ஊற வேண்டிய நேரம்

ஜூலை 9, ஞாயிறு

இந்த மாதக் கிருமிநீக்கம் முடிந்தது. காலை ஷிப்டின் கடைசி ஆளைக் கட்டிலில் இருந்து இறக்கும்போது மணி பன்னிரண்டு. பன்னிரண்டே காலுக்கு மருந்தைத் தொட்டியில் ஊற்றி, மோட்டாரைப் போட்டு, எட்டு டயாலிசிஸ் மெஷினுக்கும் தண்ணீர் போகும் குழாயில் சுற்றவிட்டேன். அதன் புளித்த காடி வாடை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை. பிறகு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, மருந்து மிச்சமில்லை என்று சோதனைத் தாளை நனைத்துப் பார்க்க வேண்டும். கழுவ மட்டும் ஒரு மணி நேரம் பிடிக்கும். இரண்டு மணிக்கு மதிய ஷிப்ட் ஆட்களுக்கு ஊசி ஏற்றியாகிவிட்டது. லாக் புத்தகம் எழுதிவைத்தேன்.

மார்ச் வரை ஞாயிறு விடுமுறை. ஆட்கள் கூடிவிட்டதால் இப்போது ஞாயிறும் இரண்டு ஷிப்ட். அறுபத்திரண்டு பேர். காத்திருப்போர் பட்டியலில் இன்னும் பதினொன்று.

வீட்டுக்கு வந்தபோது இவர் சங்கரா மீன் குழம்பு வைத்திருந்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். சொல்லவில்லை.

ஜூலை 11, செவ்வாய்

சன்னாசி அண்ணனுக்கு இன்றைக்கு எடை இரண்டரைக் கிலோ கூடியிருந்தது.

"தண்ணி குடிச்சீங்களாண்ணே?"

"குடிக்கல சிஸ்டர். கொப்புளிச்சேன்."

"கொப்புளிச்சா ரெண்டரை கிலோ ஏறுமா?"

"பாதி உள்ள போயிருச்சு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த ரமீலா டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். பதினாறு வருஷமாகச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

சன்னாசி அண்ணன் நகராட்சியில் தெருத் தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடும் வேலையில் இருந்தவர். முப்பத்தோரு வருஷம். சிறுநீரகம் போனதும் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டார். ஊருக்கே தண்ணீர் விட்ட மனுஷனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் அனுமதி. அதையும் அவர் குறையாகச் சொன்னதில்லை. கையில் ஊசி போட நரம்பு இரண்டு முறை அடைத்துக்கொண்டதால், கழுத்தில் ஒரு குழாய் நிரந்தரமாகச் செருகியிருக்கிறது. செவ்வாய், வெள்ளி காலை ஷிப்ட், எட்டாம் நம்பர் மெஷின். ஜன்னலோரம் என்று கேட்டு வாங்கியது.

அவர் மனைவி வெள்ளையம்மா இட்லிப் பொட்டலத்தோடு வெளி பெஞ்சில் நாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கும்.

ஜூலை 14, வெள்ளி

சன்னாசி அண்ணனுக்கு ஏற்றி முக்கால் மணி நேரத்தில் குளிர் நடுக்கம். இரண்டு கம்பளி போட்டும் கட்டில் ஆடியது. காய்ச்சல் நூற்றிரண்டு. நிறுத்திவிட்டு டாக்டர் நஸீமாவைக் கூப்பிட்டேன். கழுத்துக் குழாயில் கிருமி சேர்ந்திருக்கலாம் என்றார். ரத்தம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, ஊசி மருந்து ஆரம்பித்தோம்.

கழுத்துக் குழாய் வைத்தவர்களுக்கு இது சகஜம்தான். வருஷத்துக்கு நாலைந்து பேருக்கு வரும். வெள்ளையம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன்.

ஜூலை 15, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. மாடிக் குழாய் ஒழுகுகிறது என்று இவரிடம் மூன்றாவது தடவையாகச் சொன்னேன். ஊரெல்லாம் பிளம்பிங் பார்க்கிறார், வீட்டுக்கு மட்டும் நேரமில்லை.

ஜூலை 18, செவ்வாய்

சன்னாசி அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். ஊசி கேட்டிருக்கிறது. முகம்தான் வற்றிப்போய் இருந்தது. அவர் தெருவில் தண்ணீர் நாறுகிறது என்று வெள்ளையம்மா புலம்பியதாகச் சொன்னார்.

"அது முட்டுச்சந்து சிஸ்டர். லைன் அங்க முடிஞ்சுபோகுது. ஓடுற குழாய்ல பிரச்சினை இல்ல. முட்டி நிக்கிற குழாய்ல தண்ணி எப்பவும் தேங்கியே கெடக்கும். எவ்வளவு குளோரின் போட்டாலும் அங்க போய்ச் சேராது. நாங்க மாசத்துக்கு ஒருக்கா கடைசி முனையைத் திறந்து விட்டுருவோம். அப்ப வரும் பாருங்க, கஞ்சி மாதிரி. இப்ப யாரு செய்யுறா?"

கேட்டுக்கொண்டே பஞ்சு எடுக்கப் போனேன். மனதில் என்னவோ நெருடியது. பிடிபடவில்லை.

பதினோரு மணிக்கு ரமீலா டீச்சருக்கும் நடுக்கம். டீச்சருக்குக் கழுத்துக் குழாய் கிடையாது. கையில்தான் ஊசி.

ஜூலை 19, புதன்

டாக்டர் நஸீமா முறை இல்லாத நாளில் வந்தார். சன்னாசி அண்ணனின் ரத்தத்தில் வளர்ந்தது தண்ணீரில் வாழும் வகைக் கிருமியாம். தண்ணீர் ரிப்போர்ட்டுகளைக் கேட்டார். மாதாமாதம் எடுத்தது எல்லாம் சரியாக இருந்தது. தேதிகளைப் பார்த்தவர் நிமிர்ந்தார்.

"எல்லா சாம்பிளும் கிருமிநீக்கம் செஞ்ச மறுநாள் எடுத்திருக்கீங்க ஜெசிந்தா."

"வழக்கமா அப்படித்தான் மேடம்."

"மறுநாள் எடுத்தா நல்லாத்தான் இருக்கும். அடுத்த கிருமிநீக்கத்துக்கு முந்தின நாள் எடுக்கணும். இன்னைக்கே எடுங்க, கடைசி மெஷின்ல இருந்து."

சனிக்கிழமை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஏன் என்றார். பாட்டிலைத் தேடி எடுத்தேன். எட்டாம் மெஷினுக்குப் போகும் குழாயில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். தட்டில் வளர்ந்து, எந்த வகை என்று ரிப்போர்ட் வர ஏழு நாள் ஆகும்.

பிறகு டாக்டர் என் ஸ்டூலில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். "தண்ணில மிதக்குற கிருமியை மருந்து சுலபமாக் கொன்னுடும். குழாய்ச் சுவர்ல ஒட்டினது வேற. பயோஃபிலிம்னு படிச்சிருப்பீங்க. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, வழவழன்னு ஒரு போர்வையை அதுங்களே சுரந்து மேல மூடிக்கும். காலைல பல்லை நகத்தால சுரண்டினா வருமே, அது மாதிரி. வாயைக் கொப்புளிச்சா போகுமா? மேல் அடுக்கு சாகும். அடியில இருக்கிறது உயிரோட இருந்து, நாலு நாள்ல பழையபடி வளர்ந்துடும். அப்பப்ப பிய்ஞ்சு தண்ணியில கலக்கும். மருந்து அடி வரைக்கும் இறங்கணும்னா நேரம் வேணும். நாம ரெண்டு மணி நேரம் முழுசா ஊறவிடுறோம்ல?"

"ஆமா மேடம்" என்றேன்.

ஜூலை 20, வியாழன்

யூனிட்டை மூடிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம். நிர்வாகி கோதண்டராமன் ரிப்போர்ட் வரட்டும் என்றாராம். அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அறுபத்திரண்டு பேரும் எங்கே போவார்கள்? இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டிவிடும். கடைசியில், நடுக்கம் வந்தவர்களை, தண்ணீர் முதலில் போய்ச் சேரும் முதல் இரண்டு மெஷினுக்கு மாற்றிவிட்டுத் தொடர்வது என்று முடிவு.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

சன்னாசி அண்ணனை இரண்டாம் மெஷினில் போட்டேன். ஜன்னல் இல்லையே என்று மட்டும் சொன்னார். கழுத்துக் குழாயை மதியம் எடுத்துவிட்டுப் புதிது வைப்பதாக ஏற்பாடு. அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பல் கிட்டிக்கொண்டது. ரத்த அழுத்தம் எழுபதுக்கு இறங்கியது. ஏற்கெனவே பலவீனமான இருதயம். ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஸ்ட்ரெச்சரில் என் கையைப் பிடித்திருந்தார். "குளுருது சிஸ்டர்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

வெள்ளையம்மா பின்னாலேயே ஓடிவந்து கதவில் முட்டி நின்றது. பொட்டலம் பெஞ்சிலேயே கிடந்தது. மாலையில் துப்புரவுக்காரம்மா எடுத்துப் போட்டது.

ஜூலை 22, சனி

அப்படியேதான் இருக்கிறார். மூச்சுக்கு மெஷின் வைத்தாயிற்று.

ஜூலை 23, ஞாயிறு

காலை ஒன்பது இருபதுக்குப் போய்விட்டார்.

நான் மூன்றாம் மெஷினில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்தேன். நர்ஸ் வந்து காதில் சொன்னாள். ஊசியைச் சரியாகத்தான் ஏற்றினேன். பிளாஸ்டர் ஒட்டினேன். அடுத்த ஆளுக்குப் போனேன்.

ஜூலை 24, திங்கள்

சன்னாசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் பந்தல் தெரிந்தது. நகராட்சி ஆட்கள் காக்கிச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். மாலையை அங்கே நின்ற ஒருவரிடம் கொடுத்து உள்ளே வைத்துவிடச் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். இன்று எனக்கு டியூட்டி இல்லை.

ஜூலை 26, புதன்

ரிப்போர்ட் வந்தது. எண்ண முடியாத அளவு. சன்னாசி அண்ணனின் ரத்தத்தில் இருந்த அதே வகை. டாக்டர் நஸீமா அதை நிர்வாகியின் மேசையில் வைத்து, "இன்னைக்கு மதியத்தோட யூனிட்டை நான் மூடுறேன். ஒத்துக்கலைன்னா என் ராஜினாமாவை வாங்கிக்கங்க" என்றார். நான் வாசலில் நின்றிருந்தேன்.

மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை அறுபத்தோரு பேருக்குப் போன் செய்தேன். திண்டுக்கல்லில் மற்ற இரண்டு இடங்களில் கெஞ்சி முப்பத்தைந்து பேருக்கு இடம் கிடைத்தது. மிச்சம் மதுரை. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போய், நாலு மணி நேரம் படுத்து, திரும்பவும் ஒன்றரை மணி நேரம். யாரும் திட்டவில்லை. "எப்ப சிஸ்டர் திரும்பத் திறப்பீங்க" என்று மட்டும் கேட்டார்கள்.

ஜூலை 27, வியாழன்

இரட்டைப் பங்கு மருந்து. காலை எட்டு முதல் மாலை எட்டு வரை பன்னிரண்டு மணி நேரம் குழாயில் நிறுத்தினோம். டாக்டர் கூடவே இருந்து கடிகாரம் பார்த்தார். கண் எரிச்சல் தாங்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஜூலை 30, ஞாயிறு

மறுநாளே எடுத்த சாம்பிளில் இரண்டு நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை. நிர்வாகிக்குச் சந்தோஷம். நாளையே திறக்கலாம் என்றார். டாக்டர் நாளை இன்னொரு சாம்பிள் எடுத்து, அதையும் பார்த்த பிறகுதான் என்று நின்றுவிட்டார்.

இவர் மாடிக் குழாயைச் சரி செய்தார்.

ஆகஸ்ட் 2, புதன்

இரண்டாவது சாம்பிளில் திரும்பவும் வந்துவிட்டது. முதல் மெஷின் பக்கம் பத்துப் பதினைந்து புள்ளி. கடைசி மெஷின் பக்கம் தட்டு நிறைய. மருந்து போட்டு நாலே நாளில் எடுத்த சாம்பிள்.

"எங்கயோ மருந்து எட்டாத இடம் இருக்கு. அங்க உட்கார்ந்துகிட்டு மறுபடி மறுபடி விதைக்குது. தண்ணி சுத்தி வர்றதால எல்லா மெஷினுக்கும் போகுது" என்றார் டாக்டர்.

முட்டி நிற்கிற குழாய் என்று சன்னாசி அண்ணன் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் இறங்கியது.

எட்டாம் மெஷினுக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டி அறைக்கும் நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகும் சந்து இருக்கிறது. டார்ச் எடுத்துக்கொண்டு நுழைந்தேன். சுற்றுக் குழாயில் இருந்து பிரிந்து ஒரு முழ நீளத்துக்கு ஒரு துண்டு, முனையில் மூடி போட்டு நின்றது. அங்கே அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் ஐந்து மெஷின் எட்டானபோது குழாய் நீட்டியது இவர். "ஒம்பதாவது மெஷின் வந்தா திரும்பச் சுவரை உடைக்க வேண்டாம், ஒரு துண்டு விட்டு வைங்க" என்று சொன்னது நான்.

டாக்டரிடம் அந்தத் துண்டைப் பற்றி மட்டும் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

இவரை வரவழைத்தார்கள். ரம்பத்தால் அறுத்து எடுத்து ஸ்டீல் தட்டில் வைத்தார். டாக்டர், நிர்வாகி, நான், இவர் நாலு பேரும் குனிந்து பார்த்தோம். பூ ஜாடியில் வாரக்கணக்கில் கிடந்த தண்ணீரின் வாடை. டாக்டர் கையுறை விரலை உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்தார். மங்கிய சந்தன நிறத்தில், மூக்குச்சளி போல நூல் இழுத்தது. அவ்வளவு மருந்தில் பன்னிரண்டு மணி நேரம் இருந்த குழாயின் ஒரு பகுதி அது. மருந்து வாசல் வரை வந்து திரும்பியிருக்கிறது.

அதோடு முடியவில்லை. சுற்றுக் குழாயின் நடுவில் இருந்தும் ஒரு துண்டு அறுக்கச் சொன்னார் டாக்டர். தண்ணீர் எப்போதும் ஓடுகிற இடம். உள்ளே மெல்லிசாக, கண்ணுக்குத் தெரியாத அளவில், ஆனால் விரலுக்கு வழுக்கியது.

"ஓடுற குழாய்லயும் எப்படிப் படிஞ்சது?" டாக்டர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

"இந்தத் துண்டை விட்டது யாரு?" என்று நிர்வாகி கேட்டார்.

"நான்தான் சார்" என்றார் இவர். என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆகஸ்ட் 5, சனி

நிர்வாகத்தின் அறிக்கை வந்துவிட்டது. ஒரு பக்கம். "வெளி ஒப்பந்ததாரரின் குழாய் பொருத்தும் பணியில் ஏற்பட்ட குறைபாடு." இவருக்கு இனி ஆஸ்பத்திரியில் வேலை இல்லை. பேச்சு பரவி, பழனி ரோட்டில் பல் டாக்டர் ஒருவர் கொடுத்திருந்த வேலையும் நின்றுபோனது. தச்சுப் பெட்டி மாதிரி இருக்கும் அந்தச் சாமான் பெட்டியை இவர் வராந்தாவில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து துடைக்கிறார்.

லாக் புத்தகத்தை இன்று புரட்டினேன். ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. "ஊறிய நேரம்: 2 மணி." நாலு இடத்திலும் என் கையெழுத்து அழகாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

பூசையில் நற்கருணை வாங்க எல்லோரும் எழுந்தபோது நான் எழவில்லை. இவர் வரிசையில் நின்று திரும்பிப் பார்த்தார். வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் முழங்காலிட்டார். வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டை இவர் கழுவும்போது நானே சொன்னேன்.

ஏப்ரலில் இருந்து ஞாயிறு ஷிப்ட் வந்ததால் நடுவில் இரண்டு மணி நேரம்தான் கிடைக்கிறது என்று சொன்னேன். அதில் ஒரு மணி நேரம் கழுவப் போய்விடும். ஊறவிட முக்கால் மணி நேரம். சில மாதம் அதுவும் இல்லை. வெளியே ஆட்கள் கால் வீங்கி உட்கார்ந்திருப்பார்கள், ஊருக்குக் கடைசி பஸ் போய்விடும் என்பார்கள். ஒரு மாதம்தானே என்று ஆரம்பித்தேன். ரிப்போர்ட் நன்றாக வந்தது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

இவர் குழாயை மூடினார்.

"புஸ்தகத்துல என்ன எழுதின?"

"ரெண்டு மணி நேரம்னு."

"அந்த டாக்டரம்மா உன்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பத்தொம்பதாம் தேதி. ஆமான்னு சொல்லிட்டேன்."

"அவரு எப்ப செத்தாரு?"

"இருபத்திமூணு."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே நின்றார். "அன்னைக்கு உண்மையைச் சொல்லியிருந்தா யூனிட்டை மூடியிருப்பாங்களா?"

"தெரியல."

"தெரியலன்னு சொல்லாத ஜெசி."

"மூடியிருப்பாங்க" என்றேன்.

அதுவரை இந்த நோட்டில்கூட நான் அதை எழுதவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

டாக்டர் நஸீமாவிடம் சொல்லிவிட்டேன். அவர் அறையில் நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. முடித்ததும் லாக் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். நாலு பக்கத்தையும் பார்த்தார். ஒவ்வொன்றிலும் என் கையெழுத்துக்குக் கீழே அவருடையதும் இருந்தது.

"துண்டுக் குழாயை மட்டும் வச்சுக் கணக்கு உதைச்சுக்கிட்டே இருந்துச்சு. ஓடுற குழாய்லயும் ஏன் படிஞ்சதுன்னு புரியல. இப்பப் புரியுது. நாலு மாசமா அது ஒவ்வொரு தடவையும் பாதி உயிரோட தப்பிச்சிருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் கொன்னுருக்கு." புத்தகத்தை மூடினார். "ஷிப்ட் டைம் எனக்கும் தெரியும். ரெண்டு மணி நேர இடைவெளியில ரெண்டு மணி நேரம் ஊறி, எப்படி ஒரு மணி நேரம் கழுவ முடியும்னு நான் ஒரு தடவை யோசிச்சிருந்தா போதும். படிக்காம கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"உங்க மேல தப்பு இல்ல மேடம்."

"அதை நீங்க சொல்லாதீங்க" என்றார்.

எழுத்தில் கொடுத்தேன். மாலைக்குள் சஸ்பென்ஷன் கடிதம் வந்தது. சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 16, புதன்

ஆஸ்பத்திரியில் இருந்து நர்ஸ் போன் செய்தாள். பழைய குழாய் முழுக்கப் பிடுங்கியாயிற்றாம். வெந்நீர் தாங்கும் புதுக் குழாய். கிளையே இல்லாமல் ஒரே சுற்று. தண்ணீர் ராத்திரி பகல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். வாரம் ஒரு முறை எண்பது டிகிரி வெந்நீர், மாதம் ஒரு முறை மருந்து. மறுபடியும் ஞாயிறு விடுமுறை. படிந்த பிறகு அழிப்பதைவிடப் படியவிடாமல் பார்ப்பதுதான் வழி என்று டாக்டர் எல்லோரையும் உட்காரவைத்து வகுப்பு எடுத்தாராம். மூன்று சாம்பிளும் சுத்தம். இருபத்தொன்றாம் தேதி திறக்கிறார்கள்.

"நீங்க எப்ப அக்கா வருவீங்க?" என்றாள். அவளுக்கு இன்னும் விஷயம் முழுதாகத் தெரியாது போலிருக்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

சன்னாசி அண்ணன் வீட்டுக்குப் போனேன். இந்த முறை உள்ளே போனேன்.

வெள்ளையம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தது. மகள் தேன்மொழி பி.எட். படிக்கிறாளாம், புத்தகத்தோடு கட்டிலில் இருந்தாள். "வாங்க சிஸ்டர்" என்று சொல்லிப் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சுவரில் சன்னாசி அண்ணன் காக்கிச் சட்டையில் இருந்தார். வேலை பார்த்த காலத்துப் படம். கழுத்து வெறுமையாக இருந்தது.

காபி போட எழுந்த வெள்ளையம்மாவை உட்காரச் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தேன். நடுவில் ஒரு தடவைதான் குறுக்கிட்டது.

"குழாய் மாட்டுனவங்க தப்புன்னு ஆஸ்பத்திரியில இருந்து வந்து சொன்னாங்களே."

"அவரு என் வீட்டுக்காரர்தாங்க. அந்தத் துண்டை விடச் சொன்னது நான். மருந்து ஊற வேண்டிய நேரத்தைக் குறைச்சதும் நான். அவ்வளவு நேரம் ஊறுச்சுன்னு பொய்யா எழுதினதும் நான்தான். டாக்டர் கேட்டப்பவும் பொய் சொன்னேன். அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் அண்ணனுக்கு ஏத்தினேன்."

தேன்மொழி எழுந்து நின்றுவிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தேன். வெள்ளையம்மா அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தது.

"இப்பச் சொன்னதை எழுதிக் குடுங்க."

தேன்மொழி தன் நோட்டில் இருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். நாற்காலியில் வைத்து, தரையில் உட்கார்ந்து எழுதினேன். பஸ், கால் வீக்கம், ஞாயிறு ஷிப்ட் எதையும் எழுதவில்லை. என்ன செய்தேன் என்பதை மட்டும் தேதிகளோடு எழுதினேன். ஏழு வரிதான் வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

"படி" என்றது மகளிடம். படித்தாள். "இன்னொருக்காப் படி." இரண்டாவது முறை பாதியில் அவள் குரல் உடைந்தது. அம்மா காத்திருந்தது. அவள் முடித்தாள்.

"அவருக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நல்லவேளை" என்றது. "உங்களைப் பத்தி வீட்ல வந்து பெருமையாப் பேசுவாரு. ஊசி குத்துனதே தெரியாது, அந்தம்மா கை அப்படின்னு."

எனக்கு அழ உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வெள்ளையம்மா தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகியது. அவரைக்காயை மறுபடி எடுத்தது.

செருப்பை மாட்டும்போது, வழக்கமாகச் சொல்வதுபோல "போய்ட்டு வர்றேன்" என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

"போங்க" என்றது வெள்ளையம்மா. வாங்க என்று சேர்க்கவில்லை.

செப்டம்பர் 4, திங்கள்

போன வாரம் அம்மாவும் மகளும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார்கள். நாளை காலை பத்தரை மணிக்கு விசாரணை.

மதியம் கோதண்டராமன் போன் செய்தார். "துக்க வீட்ல, அவங்க வற்புறுத்தலால எழுதினதுன்னு சொல்லிடுங்கம்மா. மிச்சத்தை நம்ம வக்கீல் பார்த்துக்குவாரு. உங்க வேலைக்கும் நல்லது."

"யாரும் வற்புறுத்தல சார். அது என் கையெழுத்துதான்" என்றேன். அந்தப் பக்கம் வைத்துவிட்டார்.

யூனிட் திறந்து இரண்டு வாரம் ஆகிறது. ஒருவருக்கும் நடுக்கம் இல்லை என்று ரமீலா டீச்சர் வழியில் பார்த்துச் சொன்னார். எட்டாம் மெஷினில் இப்போது அவர்தானாம். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறேன்.

நாளைக்குக் கட்ட வேண்டிய சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இவர் வந்து கதவோரம் நின்றார்.

"நானும் வர்றேன்."

"எதுக்குங்க? மனுவுல உங்க பேரு இல்ல."

"மூடி போட்ட குழாயை அப்படி விடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் ஜெசி. பொண்டாட்டி சொல்லுதேன்னு விட்டுட்டேன். அதை நான்தானே சொல்லணும். என்னை உள்ள விடுவாங்களா?"

தெரியாது என்றேன். விடாவிட்டால் வெளியே நிற்பார்.